மதில் தப்பிய ஊர்: கொழும்பிலிருந்து ஒரே நாளில் காலி, தெவிநுவர, மாத்தறை

பம்பாயில் ஃபோர்ட் என்று ஓர் ஏரியா இருக்கிறது, கோட்டை கிடையாது. 1860களில் கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில் மதிலை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். சர்ச்கேட் ஸ்டேஷனில் தினமும் அத்தனை பேர் இறங்குகிறோம், கேட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பிலும் இதே கதைதான். ரயில் நிலையத்துக்குப் பெயர் கோட்டை. வெளியே வந்தால் பஸ்ஸும் பேங்க்கும். மதிலும் இருந்து, அதற்குள் இன்றும் ஜனங்கள் குடித்தனம் நடத்தி, கோர்ட்டும் பள்ளிக்கூடமும் நடக்கிற கடற்கரைக் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர் தெற்கே காலிக்குப் போக வேண்டும்.

நாங்கள் பம்பாய் செம்பூரில் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கிறிஸ்துமஸ் லீவில் மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள் என்று குடும்பமாகக் கிளம்பினோம். மாமா பாம்பே போர்ட் டிரஸ்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். துறைமுகம் என்றால் அவருக்குத் தனிக் கண். அத்தைக்கு முழங்கால் வலி. மகனுக்கு கிரிக்கெட். மகளுக்கு எது கிடைத்தாலும் சரி, பசி மட்டும் எடுக்கக் கூடாது. இவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு நாளில் என்னென்ன பார்க்க முடியும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மும்பையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஊருக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு இது ஒரு பயணமே இல்லை. இ.டி.ஏ. என்கிற நுழைவு அனுமதியை இலங்கை அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள்; அதே மாதிரி முகப்போடு கமிஷன் பிடிக்கும் தளங்கள் நிறைய உண்டு. கட்டணம், விதி இரண்டும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறையும் கிளம்பும் முன் ஒருமுறையும் பார்த்துவிடுவது நல்லது. 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே நம் யுபிஐ செல்லும். பெரிய கடைகளில் ஸ்கேன் பண்ணலாம். வடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் ரொக்கம்தான்.

மாதம் முக்கியம். தென்மேற்குக் கடற்கரைக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். நம் கொங்கணக் கரையை அடிக்கும் அதே பருவமழை அங்கே மே மாதமே தொடங்கிவிடும். காலண்டரில் பௌர்ணமியையும் பாருங்கள். போயா என்று அன்று நாடு முழுக்க விடுமுறை. கோயில்களிலும் ரயிலிலும் கூட்டம் நெரியும், அரசு மியூசியங்கள் மூடியிருக்கலாம்.

தங்க வெள்ளவத்தையைத் தேர்ந்தெடுத்தோம். கடைப் பலகையெல்லாம் தமிழ், தோசைக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில், பின் தெருவில் இறங்கினால் ரயில் பாதை, பாதையைத் தாண்டினால் கடல். அத்தை முதல் நாள் சாயங்காலமே தனியாகப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்துவிட்டார். அதற்கு மேல் வேறென்ன வேண்டும்.

காலிக்குப் போகும் முன்னால் கொழும்பு தேசிய மியூசியத்துக்குப் போய்விடுங்கள் என்பேன். காரணம் ஒரு கல். சீனத் தளபதி செங் ஹே தன் கப்பல் படையோடு கொண்டுவந்து நட்ட கல்வெட்டு அது. 1409 என்று தேதி போட்டிருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் இறைவனைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பட்டியல். யாருக்கும் குறை வைக்கவில்லை. இந்தக் கல் 1911-இல் காலி ஊருக்குள் கிடைத்தது. கிடைத்த இடம் கோயிலோ மண்டபமோ இல்லை. சாலையோர மதகுக்கு மூடியாகக் கிடந்தது.

எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறகு இறக்கி, மாமா குனிந்து தேடினார். “இது ‘ந’... இது ‘ய’ மாதிரி இருக்கு” என்று அவர் சொல்லச் சொல்ல மகளும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். கல்லின் தலையில் இரண்டு டிராகன்கள். இதைப் பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் பயணத்துக்கு ஒரு நூல் கிடைக்கும்: கல் இருப்பது கொழும்பில், கிடைத்தது காலியில், அது பேர் சொல்லும் தெய்வத்தின் ஊர் இன்னும் தெற்கே தெவிநுவரயில். எங்கள் நாளை அப்படித்தான் அமைத்தோம். போகும்போது ரயில், காலியிலிருந்து வாடகை வேன், திரும்பும்போது எக்ஸ்பிரஸ்வே.

ரயிலில் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலருக்கு நாள் கெட்டுப்போகிறது. கரையோரப் பாதை வண்டிகள் பல கோட்டை நிலையத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மருதானையிலிருந்து கிளம்புகின்றன. கோட்டைக்கு வரும்போது ஜன்னல் சீட்டு போய்விடும். ஓடும் விரார் லோக்கலில் தாவி இடம் பிடித்தவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த வீரமெல்லாம் வேண்டாம். விடியற்காலையில் ஆட்டோ பிடித்து மருதானைக்கே போய்விட்டோம். சில எக்ஸ்பிரஸ்களில் முன்பதிவுப் பெட்டி உண்டு, கிடைத்தால் எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை அன்று காலை கவுண்டரில் வாங்கலாம். கவுண்டரில் கொடுத்தது கெட்டி அட்டை டிக்கெட். மாமா அதை விரலால் தடவிப் பார்த்து, “இந்த மாதிரிதான் பம்பாய் வி.டி. ஸ்டேஷன்லே கொடுப்பான்” என்றார்.

தெற்கே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் வந்துவிடும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கறுப்புப் பாறைக் குவியல் மட்டும்தான். காற்று பலமாக இருந்தால் தண்ணீர் ஜன்னலில் தெறிக்கும். சென்னை ஐ.சி.எஃப்-இல் செய்த பெட்டிகளும் இந்த நாட்டில் ஓடுகின்றன. பாதையும் நம்முடைய அதே அகலப் பாதை. கதவோரம் நிற்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதிதில்லை என்றாலும் நிற்கவிடவில்லை. சில இடங்களில் சிக்னல் கம்பமும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன.

வடைக்காரர்கள் ஏறினார்கள். பருப்பு வடை, காய்ந்த மிளகாய் பொரித்தது, தட்டை வடை மேல் முழு இறால் ஒட்டிப் பொரித்த இஸ்ஸோ வடை. பொட்டலம் கட்டித் தந்த காகிதம் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு. சிவப்பு மையில் இரண்டு சரி, ஒரு தப்பு. மகள் எண்ணெய்க் கறையை ஒதுக்கிவிட்டு அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து, “டீச்சர் சரியாத்தான் தப்பு போட்டிருக்காங்க” என்று தீர்ப்பு சொன்னாள்.

அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் நடுவில் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தப் பாதையில் வந்த ரயிலைத்தான் புரட்டிப் போட்டது. ஒரே வண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உலகத்தில் இதைவிடப் பெரிய ரயில் சாவு நடந்ததில்லை என்கிறார்கள். ஊர் தாண்டும்போது எதிர் சீட்டிலிருந்த ஒரு பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மகன் ஏதோ கேட்க வந்தான். அப்புறம் சொல்கிறேன் என்று கையமர்த்தினேன்.

இரண்டரை, மூன்று மணி நேரத்தில் காலி. ஸ்டேஷனிலிருந்து எதிரே பார்த்தாலே மதிலும் மைதானமும் தெரியும்.

காலிக் கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால்: முதலில் போர்த்துகீசியர் சிறிதாகக் கட்டினார்கள். 1640-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1660களிலிருந்து இன்று நாம் பார்க்கும் பெரிய மதிலை எழுப்பினார்கள். 1796-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய வாசலில் இந்தக் கைமாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிப்புறம் ஆங்கில அரச முத்திரை. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. எழுத்து, இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருடம். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு வி.ஓ.சி. என்று பார்த்ததும் வேறு ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அத்தையும் அப்படித்தான், “இவரு பேரு இங்க எப்படி?” என்று நின்றுவிட்டார். ஆளுக்கு ஆள் சிரித்தோம்.

மதில் மேல் நடக்க வெயில் ஏறும் முன்னால் போய்விட வேண்டும். மேலே நிழலே கிடையாது. எட்டரை, ஒன்பதுக்குள் ஏறினால் சுகம்; பதினொன்றுக்கு மேல் கல் சூடாகிவிடும். மணிக்கூண்டுப் பக்கம் ஏறும் சரிவு செங்குத்தாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களை ஆட்டோவில் கலங்கரை விளக்கம் வரை கொண்டுபோய் விட்டால் அங்கே ஏற்றம் குறைவு. அத்தையையும் மகளையும் என் வீட்டுக்காரரோடு அப்படி அனுப்பிவிட்டு, மாமா, மகன், நான் மூவரும் மணிக்கூண்டிலிருந்து நடந்தோம். ஒன்றை மறக்கக் கூடாது: மதிலின் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. புல் தரை போகிற போக்கில் முடிந்து நேரே கீழே பாறை. சின்னப் பிள்ளைகளைக் கையை விட்டுவிட்டு போட்டோ எடுக்கிற இடம் இது இல்லை.

தரைப்பக்கம் மூன்று கொத்தளங்கள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம். அங்கே நின்றால் காலடியில் கிரிக்கெட் மைதானம். மகன் வந்த காரியமே அதுதான். 2010 ஜூலையில் இந்தியாவுக்கு எதிராக முரளிதரன் தன் கடைசி டெஸ்டில் 800-ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். பிரக்யான் ஓஜா அடிக்க, ஜெயவர்த்தன பிடித்தார். எந்த முனையிலிருந்து பந்து வந்தது, ஸ்லிப் எங்கே நின்றது என்று அவன் கையை நீட்டி நீட்டி விளக்கினான். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாம பத்து விக்கெட்டிலே தோத்த மேட்ச்தானே?” என்றார். மேட்ச் நாட்களில் டிக்கெட் எடுக்காதவர்கள் இந்த மதிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சுனாமியில் மைதானமும் பஸ் ஸ்டாண்டும் சின்னாபின்னமாகின. மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பிவிட்டது. மைதானத்தைத் திருப்பிக் கட்டி 2007 கடைசியில்தான் மறுபடி டெஸ்ட் நடந்தது.

மணிக்கூண்டு 1883-இல் வந்தது. அந்தோனிஸ் என்ற உள்ளூர் டாக்டரைக் கௌரவிக்க ஊரார் கட்டியது. கடிகாரம் அவரிடம் வைத்தியம் பார்த்துக் குணமான ஒருவர் கொடுத்தது. கலங்கரை விளக்கம் 1939-இல் கட்டியது. அதற்கு முந்தியது 1848-இல் எழுந்து தீயில் போயிற்று. விளக்குக்கும் வெள்ளை மசூதிக்கும் நடுவில் தென்னை நிழலில் அத்தை உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மசூதியைத் தூரத்திலிருந்து பார்த்தால் சர்ச் என்றுதான் தோன்றும்.

மாமா துறைமுகப் பக்கம் திரும்பி நின்றார். நான் எதிர்பார்த்த மாதிரியே பாடம் ஆரம்பித்தது. ஒரு காலத்தில் இலங்கையின் முதல் துறைமுகம் காலிதான். கப்பல்கள் இங்கேதான் நிற்கும், தபால் இங்கேதான் இறங்கும். ஆனால் உள்ளே பாறைகள். தென்மேற்குக் காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லை. “1869-ல் சூயஸ் திறந்து கப்பல் கூட்டம் பெருகிடுச்சு. 1875-ல் கொழும்புல அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிச்சான். அது முடியவும் கப்பலெல்லாம் அங்க போயிருச்சு” என்றார். கப்பல் போனதும் பணம் போயிற்று. பணம் வந்திருந்தால் கிடங்குக்கும் ரோட்டுக்கும் இடம் வேண்டும் என்று மதிலை இடித்திருப்பார்கள். பம்பாயில் அதுதான் நடந்தது, கொழும்பிலும் அதுதான் நடந்தது. காலியை யாரும் அக்கறையோடு காப்பாற்றவில்லை. இடிக்கும் அளவுக்கு அங்கே வியாபாரம் மிச்சமில்லை, அவ்வளவுதான். பம்பாய்ப் பக்கத்து வசாய் கோட்டையை 1739-இல் மராத்தியர்கள் பிடித்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பாழடைந்ததோடு இதை ஒப்பிட்டால், இங்கே குடியிருப்பும் நிற்காமல் இருந்ததுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயத்தில் மாமா அசந்துவிட்டார். டச்சுக்காரர்கள் தெருக்களுக்கு அடியில் செங்கல் சாக்கடை கட்டி, கடல் ஏறி இறங்கும்போது தண்ணீர் உள்ளே வந்து கழுவிப் போகும்படி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் மழையும் பெரிய அலையும் ஒன்றாக வந்தால் வடிகால் வாயை விடக் கடல் மட்டம் உயர்ந்து, தாதர் பக்கம் ஹிந்துமாதாவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கடல் ஒன்றுதான், யார் அதற்கு எங்கே வழி விட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. 

வெயில் ஏறியதும் இறங்கி நிழலான தெருக்களுக்குள் போய்விட்டோம். 1755-இல் கட்டிய டச்சு தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பெயர், வருடம், குடும்பச் சின்னம், சிலவற்றில் மண்டையோடும் எலும்பும் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. மகள் அவற்றை மிதிக்க மாட்டேன் என்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மட்டும் கால் வைத்து, சுவரைப் பிடித்தபடி ஆல்ட்டர் வரைக்கும் போய் வந்தாள். உட்கார பெஞ்ச் உண்டு, காற்று வரும். பெரியவர்களை ஓய்வெடுக்க விட இதைவிட நல்ல இடம் கோட்டைக்குள் இல்லை.

தெருவில் ஒரு ரத்தினக் கல் கடை. வாசலில் நின்ற அம்மாள் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, “இந்தியாவா? எந்தப் பக்கம்?” என்று தமிழில் கேட்டார். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ்தான்.

“பம்பாய்” என்றேன்.

“பம்பாய்லயும் தமிழ் பேசுறாங்களா?”

“தாராவிக்கு வந்து பாருங்கம்மா” என்றார் மாமா.

அவரிடம் நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் மதில் மேல் ‘பழைய டச்சுக் காசு, தோண்டினபோது கிடைத்தது’ என்று கைக்குள் மறைத்துக் காட்டுகிறவர்களிடம் நிற்காதீர்கள். ரத்தினக் கல் பற்றித் தெரியாதவர்கள் பயணத்தில் கல் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. கொடிப் பாறை (ஃபிளாக் ராக்) என்கிற கொத்தளத்திலிருந்து கடலில் குதித்துக் காட்டுகிறவர்கள் காசு கேட்பார்கள். பிள்ளைகள் எதிரில் அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சாப்பாடு. அத்தை சனிக்கிழமை சைவம். இலங்கையில் சைவம் என்றால் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்க வேண்டும்: “மாசி போட்டிருக்கா?” சம்பலிலும் பருப்பிலும், சில சமயம் காய்கறியிலும் மாசிக் கருவாட்டைப் பொடித்துத் தூவுவது அங்கே வழக்கம். சமைக்கிறவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. சொன்னால் போடாமல் தருவார்கள். சோறு, பருப்பு, பலா மூசுக் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம் என்று வந்தது, தேங்காய்ப்பால் தாராளம். கடைசியில் வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்த அதில் முட்டை உண்டு. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பாதி ஏக்கம், பாதி கண்டிப்பு. பாத்ரூம் வேலைகளையும் ஓட்டலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்; அதற்கப்புறம் நல்ல இடம் கிடைக்க நேரமாகும்.

ஒன்றரை மணிக்கு வேன். காலியிலேயே சாயங்காலம் வரை இருந்து மதில் மேலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க பம்பாய்க்காரர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. அந்த நேரத்தைத் தெவிநுவரக்குக் கொடுத்தோம்.

கடலோர ரோட்டில் கொக்கல, அஹங்கம பக்கம் கடலில் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்கள் தெரிவார்கள். இப்போது அதில் பலரும் போட்டோவுக்காக உட்காருகிறவர்கள். கேமராவைத் தூக்கினால் காசு கேட்க ஓர் ஆள் ஓடி வருவார். வேன் ஓட்டுநர் ஆமைக் குஞ்சு வளர்க்கும் இடம், மசாலாத் தோட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “இறங்கச் சொல்லாதீங்க தம்பி, இருட்டுறதுக்குள்ள கோயிலைப் பாக்கணும்” என்று அத்தை சொன்ன பிறகு கேட்கவில்லை.

தெவிநுவர மாத்தறையிலிருந்து ஆறு கிலோமீட்டர். கொழும்பு மியூசியக் கல் சொல்லும் தெனாவரை இதுதான். 1344-இல் இபின் பதூதா என்ற பயணி இங்கே வந்து, பெரிய கோயிலையும் ஆளுயரப் பொன் விக்கிரகத்தையும் ஆயிரம் பிராமணர்களையும் பற்றி எழுதியிருக்கிறார். 1588-இல், சிங்கள அரசன் முதலாம் ராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்தபோது அவன் கவனத்தைத் திருப்பப் போர்த்துகீசியர் கப்பலில் வந்து இந்தக் கோயிலைக் கொள்ளையடித்து இடித்தார்கள். இப்போது இருக்கும் விஷ்ணு கோயில் பின்னால் வந்தது. பௌத்தர்களே பழத் தட்டோடு வந்து கும்பிடுகிறார்கள். தட்டில் ஒரு அன்னாசி, வாழைப்பழம், தாமரைப் பூ. வாசல் கடையில் விற்கிறார்கள். அத்தை ஒன்று வாங்கினார். உள்ளே சிங்களத்தில் நடந்த பிரார்த்தனை ஒரு சொல்லும் புரியவில்லை, கண்ணை மூடி நின்றார்.

தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் மணல் சுடும், பிள்ளைகளுக்கு ஒரு சாக்ஸ் கையில் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே அவமரியாதை. யாராவது வந்து தடுப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பக்கத்தில் நாட்டின் தென்முனைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1889 வாக்கில் ஆங்கிலேயர் கட்டியது, ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். அதற்கு அப்பால் அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று மகன் மேப்பைக் காட்டினான். பாறை வழுக்கும், அலை திடீரென்று ஏறும். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

மாத்தறையில் நட்சத்திரக் கோட்டை மட்டும். 1761-இல் கிளர்ச்சிக்காரர்கள் மாத்தறைக் கோட்டையைப் பிடித்துவிட்டதால், அதை மீட்ட பிறகு டச்சுக்காரர்கள் நில்வளா கங்கைக்கரையில் ஆறு முனை வைத்து இதைக் கட்டினார்கள். வாசலில் கவர்னர் வான் எக் பெயர் இருக்கிறது. சுற்றிலும் அகழி, உள்ளே கிணறு. கோட்டை என்று சொன்னதும் பெரிதாக நினைத்துக்கொண்டு வந்த மகன் இரண்டு நிமிஷத்தில் ஒரு சுற்று ஓடி முடித்துவிட்டு “அவ்வளவுதானா?” என்றான். காலியைப் பார்த்த பிறகு யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம், தெவிநுவரயை விடாதீர்கள்.

திரும்பும் வழி எக்ஸ்பிரஸ்வே. மாத்தறையிலிருந்து கொட்டாவை வரை இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், நடுவில் வெலிப்பென்னவில் சாப்பாட்டுக் கடைகளும் சுத்தமான பாத்ரூமும் உண்டு. பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கே இறங்கிவிட்டால் அப்புறம் வெள்ளவத்தை வரை தூங்கிக்கொண்டே வருவார்கள். கொட்டாவையிலிருந்து நகரத்துக்குள் நுழைய நெரிசலில் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேன் வாடகை பேசும்போது எக்ஸ்பிரஸ்வே கட்டணம், ஓட்டுநர் சாப்பாடு, வேன் ஆளில்லாமல் காலிக்குத் திரும்பும் தூரத்துக்கான பணம் எல்லாம் உள்ளே சேர்த்தா, தனியாகவா என்று கேட்டு, மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் தங்கிய இடத்துக்காரர் அதைச் செய்து கொடுத்ததால் கடைசியில் பேரம் எதுவும் இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.